போர்டிடம் கேட்காத கேள்வி

காலையிலிருந்து மூன்றாவது முறையாக, மென்பொருளைக் கட்டும் பில்ட் அதே இடத்தில் முரண்டு பிடித்து நின்றது. அவள் திரையை முறைத்தாள். அலுவலகத்தில் அவளுக்கு 'வைத்தியச்சி' என்று பட்டப்பெயர். முடியாமல் நிற்கும் பில்ட் எதுவானாலும் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். அதில் அவளுக்குப் பெருமைக்கும் குறைச்சலில்லை.

அவர்கள் செய்வது மூச்சுக் கருவிக்கான மென்பொருள். கட்டுவது பெரிய கணினியில். ஓடுவதோ கருவிக்குள் இருக்கும் சின்ன மின்னணு போர்டில். கட்டும்போது, வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் சில நிரல் பேக்கேஜ்கள் போர்டைப் பற்றிக் கேள்வி கேட்கும். போர்டுக்கான சோதனை நிரல் இந்தக் கணினியில் ஓடாது, பில்ட் நின்றுவிடும். அப்போது போர்டுக்குப் பதிலாக இவர்களே 'ஆம்' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். பிறகு எல்லாம் சமர்த்தாக முடியும். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதான்.

இன்று நின்ற கேள்வி இது: நேரத்தைத் திருத்தினாலும் குழம்பாமல் எண்ணிக்கொண்டே போகும் கடிகாரம் போர்டில் உண்டா? மூன்று வருடத்துக்கு முன் 'ஆம்' எழுதியவள் அவளேதான். பேக்கேஜின் புதிய பதிப்போ கையால் எழுதிய பதிலை ஏற்க மறுத்தது.

"வைத்தியச்சி, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றார் மேலாளர்.

"முடிஞ்சிடும் சார். போர்டுலயே ஓட்டிப் பாத்துடறேன்."

அலமாரியிலிருந்து போர்டை எடுத்து, சோதனை நிரலை ஏற்றி ஓட்டினாள். 'இல்லை' என்று வந்தது. இன்னொரு போர்டிலும் 'இல்லை'.

அப்படியானால் இத்தனை நாளும் அலாரம் எண்ணியது, திருத்தினால் மாறிப்போகும் சாதாரண நேரத்தை. மின்சாரம் தடுமாறும்போதுதான் கருவி தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். மூச்சு தடைப்படுவதும் அப்போதுதான். பத்து நொடியில் அடிக்க வேண்டிய அலாரம், நேரம் அரைமணி பின்னால் போனால் அந்த அரைமணியையும் சேர்த்துக் காத்திருக்கும்.

அக்காவுக்கு அந்தக் கருவியை வாங்கி வைத்ததே அவள்தான். ஆறு மாதம் முன்பு ஓர் இரவு அக்கா போய்ச் சேர்ந்தாள். அக்கா கணவர் எழுந்து பார்த்தபோதே மூச்சு நின்று அரைமணி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அலாரச் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. "கரண்ட் போய் வந்துச்சு. அலாரம் அடிச்ச உடனே எழுந்துட்டேன்," என்று அக்கா கணவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. "கும்பகர்ணனே எழுந்திருப்பான், நீங்க எழுந்திருக்கல," என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் அவள். அதன்பிறகு அந்த வீட்டு வாசற்படியை யாரும் மிதிக்கவில்லை.

மேலாளரிடம் போய், கருவி போன வீடுகளுக்கெல்லாம் இப்போதே தகவல் சொல்ல வேண்டும் என்றாள். காரணத்தையும் ஒளிக்கவில்லை. பிறகு மாடிப்படியில் நின்று மாமாவுக்குப் போன் செய்தாள்.

"சொல்லும்மா."

"மாமா, அன்னிக்கு அலாரம் லேட்டாதான் அடிச்சிருக்கு. நீங்க சொன்னதுதான் நிஜம்."

"இல்லம்மா. நேரத்துக்கு அடிச்சிருக்கும். நான்தான் அசந்துட்டேன்." மனப்பாடம் செய்தவர் போல நிதானமாகச் சொன்னார். "முதல்ல எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீ சொன்னப்புறம்தான் ஒத்துக்கிட்டேன். அந்தக் கருவியைச் செய்யறவளே நீ. உனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாது மாமா," என்றாள். "பாக்காமலே 'ஆம்'னு எழுதிட்டேன்."

அவர் அழுவது கேட்டது.