நாலு வீல் கப்பும் ஒரு மாறுகண்ணும்

என் கணவர் அந்தப் பழைய காரை விற்கப்போவதாகச் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. கல்யாணமான நாளிலிருந்து அதைத் திட்டித் தீர்த்தவள் நான். மழை பெய்தால் ஒழுகும், மேடு வந்தால் முனகும், நான் புதுத்துணி உடுத்திய அன்றுதான் இறங்கித் தள்ளச் சொல்லும். ஆனாலும் அது என் கார். "இனிமே நீ நிம்மதியா இரு" என்று அவர் சொன்னபோது, 'ஐயோ, விற்காதீங்க' என்று நாக்கு நுனி வரை வந்தது. வீம்பு விடவில்லை. "நல்லதாப் போச்சு" என்று சொல்லித் தொலைத்தேன்.

வாங்குபவர் மறுநாள் வருகிறாராம். அதற்குள் நான்கு வீல் கப்பையும் பளபளவென்று தேய்த்துவைக்கும் வேலையை என்னிடமே விட்டார் மனிதர். போதாதா?

நாத்தனாருக்குப் போன் போட்டேன். "கவலைய விடுங்க அண்ணி, வர்றவன் தலைதெறிக்க ஓடணும்" என்று பெயிண்ட் டப்பாக்களோடு வந்து இறங்கினாள்.

சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்தோம். காரிலிருந்து கழற்றி வந்த வீல் கப்புகளைச் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தோம். அவள் சாஸரைக் கவிழ்த்து வட்டம் போட்டாள். நான் உள்ளே மஞ்சள் அடித்து, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்ததும் அது முட்டைக்கண்ணாக முழித்தது. அவ்வளவுதான், எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நாலிலும் கண். சுற்றி ஊதா இமை. அவள் கைப்பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சால் நீள நீளமாக இமைமயிர்.

"இந்த ஒண்ணுக்கு மட்டும் மாறுகண் வைக்கட்டுமா அண்ணி?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. "பேய் மாதிரி இருக்குடி!"

"எது, காரா, நாமளா?" என்றாள், மூக்கெல்லாம் மஞ்சளாக.

காலையில், அவர் குளிக்கும் நேரம் பார்த்து, ராத்திரி பரணில் ஒளித்துவைத்த நான்கையும் சக்கரங்களில் தட்டி மாட்டினோம். வெளியே வந்து பார்த்தவர் குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தார். கழற்ற நேரம் இல்லை, வாங்குபவர் வாசலுக்கே வந்துவிட்டார். அவர் ஒரு பல் டாக்டர்.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

கார் நகர்ந்தது. ஒரு கண் சிவப்பு இமைமயிரோடு சுழல, மாறுகண் மேலேயும் தரையையும் மாறி மாறிப் பார்த்து, தெருவையே முறைத்துக்கொண்டு உருண்டது. டாக்டர் கைதட்டிக் குதித்தார்.

"அடடா! என்கிட்ட வர்ற பிள்ளைங்க இதைப் பார்த்தா அழவே மாட்டாங்க. இப்படியே எடுத்துக்கிறேன் சார்!"

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். கணவர் இறங்கி வந்து சாவியை நீட்டினார். பாய்ந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"விக்க முடியாது!"

"அதை எப்போ தலைமுழுகப் போறீங்கன்னு நீதானே தினம் கேட்டே?"

"திட்டினா வேண்டாம்னு அர்த்தமா? உங்களையும்தான் தினம் திட்டறேன். யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டேனா?"

பிளந்த வாயை அவர் மூடவே இல்லை. பழக்கதோஷம், டாக்டர் எட்டி உள்ளே பார்த்தார்.