அமாவாசையில் அடித்த தறி

எங்கள் குழு வாசிப்பது புரோகிரசிவ் ராக். ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாது. தாளம் நடுவில் பல தரம் மாறும். கேட்கிறவர்கள் பாட்டு முடிந்துவிட்டதா, கைதட்டலாமா என்று தெரியாமல் முழிப்பார்கள். அந்தத் தாளத்தையெல்லாம் மாற்றுகிறவன் நான், டிரம்ஸ் சிவராஜ்.

புது ஆல்பத்தில் ஒலியை விரிவாக்கப் போவதாக வசந்த் சொன்னான். கிதார் அவனுடையது, ஒத்திகை நடக்கிற வீடும் அவனுடையது, ஆகவே முடிவும் அவனுடையது. முதலில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸுபத்ரா வயலினோடு வந்தாள். அவளுக்கு இடம் வேண்டுமென்று இரண்டு பாட்டிலிருந்து டிரம்ஸை எடுத்துவிட்டார்கள். பிறகு கோயில் மணி வந்தது. அதற்காக இன்னும் சில பாட்டு போயிற்று. ஒலி விரிய விரிய நான் மட்டும் சுருங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு நீளப் பாட்டு.

"அதுக்கும் டிரம்ஸ் வேணாம்டா," என்றான் வசந்த். "எங்கப்பா தறி சத்தமே போதும். நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் பழைய பேஸ் கிதார்காரனும் ரெஸ்டில்தான் இருக்கிறான். வாலாஜாபாத்தில் செல்போன் கடை.

நாங்கள் ரெகார்டிங் வைப்பது எப்போதும் அமாவாசையில்தான். மற்ற நாளில் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி அடிக்கும், மைக்கைத் திறக்கவே முடியாது. அமாவாசையன்று நெய்வது ஆகாதென்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். இந்தத் தடவையும் வழக்கம்போல அதே நாளைக் குறித்தோம். தறிக்குப் பக்கத்தில் மைக்கை நிறுத்தி, ஒயரெல்லாம் இழுத்து முடித்த பிறகு வசந்தின் அப்பா தணிகாசலம் வந்து பார்த்தார்.

"இன்னாடா இது?"

"தறி அடிக்கறத ரெகார்ட் பண்ணணும்பா. கொஞ்சம் உக்காரு."

"அமாவாசை அன்னிக்கா?"

வசந்த் நெசவுக்காரர் மகன். நான் அதே தெரு. ஸுபத்ரா பஞ்சாங்கம் பார்க்காமல் ஊருக்குக்கூடக் கிளம்பாத வீட்டுப் பெண். அன்றைக்கு இவரும் தறியில் உட்கார மாட்டார் என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை. மறுநாள் வைக்கலாமென்றால் தெருவே தறி அடிக்கும், அதில் ஒன்றை மட்டும் எப்படிப் பிடிப்பது?

"டிரம்ஸ்லயே தறி மாதிரி நா அடிக்கறேன்," என்றேன். கெஞ்சலாகத்தான் வந்தது.

ஸ்நேர் டிரம் மேல் ஈரத் துண்டைப் போட்டேன். குச்சியால் விளிம்பில் தட்டி, காலால் பேஸ் டிரம்மை மிதித்தேன். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சத்தம்தான், கை தானாகப் போயிற்று. வசந்த் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

பாதியில் எதிர்வீட்டுத் தேவகி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அமாவாசையும் அதுவுமா யாரு தறி அடிச்சிக்கினு இருக்கறது?" தணிகாசலத்தைப் பார்த்தார். "உன்ன இப்படி நெனைக்கலண்ணே."

தணிகாசலம் என்னைக் கைகாட்டினார்.

"நீ ஆல்பத்துல இருக்கடா," என்றான் வசந்த்.

இத்தனை வருஷத்தில் என் வாசிப்பைக் கேட்டு ஒருத்தர் எழுந்து வந்தது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்தது. டிரம்ஸ் என்று நினைத்து வரவில்லை, அதுதான்.

"இன்னொரு டேக் போலாம்," என்றான். "நடுவுல ரெண்டு எடத்துல டிரம்ஸ் மாதிரி கேக்குது. பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன்.