கழற்றிவிடப்பட்ட பெட்டிகள்

தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதினாறு வருடம் கழித்து, 1959-இல், மலாக்கா ஸ்டேஷனுக்கு ஒரு ரயில் வந்து நின்றது. நல்ல நண்பகல். லாலாங் புல்லை மடக்கிக்கொண்டு ஓர் எஞ்சினும் ஒரு சரக்குப் பெட்டியும் வந்தன. பெட்டியிலிருந்து பொன்னுதுரை இறங்கினார். ரயில் பின்னோக்கி நகர்ந்து தம்பின் ஊர்ப் பக்கம் போய்விட்டது. ஸ்டேஷன் அப்போது அரிசிக் கிடங்காக இருந்தது. எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த யூசுப், வந்தவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பாதையைப் பெயர்த்து, சயாமில் புதிதாகப் போட்ட ரயில்பாதைக்கு அனுப்பியபோது, பாதையில் வேலை செய்த கூலிகளையும் இரும்போடு சேர்த்து ஏற்றினார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் பொன்னுதுரை. போகும்போது அவருக்கு வயது முப்பது. இறங்கும்போதும் முப்பதுதான். யூசுப் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், சைக்கிளின் பின்னால் உட்காரவைத்தார், காஜா பெராங்குக்கு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் பொன்னுதுரை கேட்டது ஒன்றுதான்: "ஏன் பாய், ஒரு வாரத்துல இப்படிக் கெழடாயிட்டீங்க?"

கம்போங் செட்டியின் ஓரத்தில் ஒரு வாடகை வீட்டில் அவர் மனைவி அஞ்சலை இருந்தாள். இடியாப்பம் அவித்து விற்று ஒரே மகனை வளர்த்தவள். சயாமுக்குப் போன மற்றவர்களின் மனைவிமார் ஒவ்வொருவராகப் பொட்டை அழித்தபோது இவள் அழிக்கவில்லை. யாராவது கேட்டால், "செத்ததை யாரு பாத்தா?" என்பாள். சைக்கிளிலிருந்து இறங்கியவரைப் பார்த்து அவள் கையிலிருந்த மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மலாய் பேசும் பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண் வேலியோரம் வந்து நின்று, "மூடா லாகி," என்றாள். இன்னும் இளசாகவே இருக்கிறான் என்று அர்த்தம். அதில் வியப்பைவிட இரக்கம்தான் அதிகம் இருந்தது.

"அஞ்சலை இல்லையா அக்கா?" என்று பொன்னுதுரை கேட்டார். "நீங்க அவளுக்கு என்ன வேணும்? பெரியம்மாவா?"

அஞ்சலை அவர் காலைப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே சதை அழுகிய புண், எலும்பு தெரிய, அன்றைக்கு வந்ததுபோல ஈரமாக இருந்தது. "அவ பிள்ளையைக் கூட்டிக்கிட்டு புக்கிட் ரம்பாய்க்குப் போயிருக்கா. வந்துருவா. நீங்க உக்காருங்க," என்றாள். வெந்நீர் வைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். அந்தப் புண் ஆறவுமில்லை, பெரிதாகவுமில்லை. அவள் இருந்தவரை தினமும் கட்டினாள். சொன்ன பொய்யையும் மாற்றவில்லை.

மகன் கருணாகரன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். அப்பா போனபோது அவருக்கு ஒன்பது வயது. உபகாரச் சம்பளத்தில் சிங்கப்பூரில் கணிதம் படித்தார், பிறகு கப்பலேறி வடக்கு இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஓர் அறை முழுக்க நிறைந்த கணிப்பொறி ஒன்று இருந்தது. அதன் வால்வுகளின் சூட்டில் குளிர்காலத்திலும் வியர்க்கும். ஓடும் பொருள் எப்படி வேகம் இழந்து நிற்கிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. எந்திரத்துக்குப் புரியும்படி கணக்கை உடைத்துக் கொடுப்பதில் அவருக்கு நிகரானவர்கள் அந்த ஊரில் அதிகம் பேர் இல்லை. பட்டம் வாங்கிய கையோடு அங்கேயே வேலையும் தயாராக இருந்தது. அந்த வாரம்தான் யூசுப் கொடுத்த தந்தி வந்தது. அடுத்த கப்பலில் கருணாகரன் திரும்பினார்.

வீட்டு வாசலில் தன்னைவிட ஐந்து வயதே மூத்த ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அப்பாவின் முகம் அவருக்கு மறந்திருந்தது. காதில் இருந்த வெட்டுத் தழும்பு மறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நான்தான் கருணா," என்றார்.

பொன்னுதுரை சங்கடமாகச் சிரித்தார். "விளையாடாதீங்க தம்பி. என் மகன் இத்துனூண்டு இருப்பான். நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. புக்கிட் ரம்பாய் பக்கம் போனா அவனைக் கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன்."

கருணாகரன் உள்ளே போய் அம்மாவிடம் கத்தினார். உண்மையைச் சொல்லச் சொன்னார். அஞ்சலை அடுப்பைவிட்டு எழவில்லை. "சொன்னா என்னா ஆவும்? பொண்டாட்டி கெழவி, புள்ள வளந்துட்டான், உன் வயசு எங்கேயோ போச்சுன்னு சொல்லணுமா? அந்த மனுசன் பட்டது போதாதா? காத்துக்கிட்டு இருக்கட்டும். காத்துக்கிட்டு இருந்தா ஆளு செத்துப் போவ மாட்டான். எனக்குத் தெரியும்." கருணாகரன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொன்னுதுரை ஒரே பதிலைச் சொன்னார். எஞ்சின் இழுக்கவில்லை, பின்னால் இருந்த பெட்டிகளை வழியில் கழற்றிவிட்டார்கள், அவை தாமாக உருண்டு வந்துகொண்டிருக்கின்றன. இந்தச் செய்தி தோட்டங்களுக்குப் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் லோரி பிடித்து வந்து, லாலாங் காட்டின் ஓரத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்தார்கள். கணவன் கலியாணசுந்தரத்தைப் பறிகொடுத்த சந்திரமதி என்பவள் ஒரு வாரமும் தவறியதில்லை. உருளும் சத்தம் அவர்கள் எல்லோருக்கும் கேட்டது. தம்பினில் ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கேட்டது, வயலில் இருந்த மலாய்க்காரர்களுக்கும் கேட்டது. எப்போது வந்து சேரும் என்பதுதான் தெரியவில்லை. சந்திரமதி கருணாகரனிடம் வந்து, "நிக்கிற கணக்குப் படிச்சவராமே நீங்க. எங்களுக்குப் போட்டுக் குடுங்க," என்றாள்.

அவர் ஒப்புக்கொண்டார். நேரம் கிடைக்கும்போதெல்லாம் பாதை இருந்த வழியே நடந்து, எந்த ஊரில் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று அளந்தார். கையால் போட முடியாத கணக்கு அது. அறுபதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் என்று அவரைக் கூப்பிட்டுப் பொறுப்பாக வைத்தார்கள். சம்பளக் கணக்கும் மழைக் கணக்கும் ஓடி முடிந்த பிறகு, தன் கணக்கைத் துளையிட்ட அட்டைகளை அவர் எந்திரத்தில் போட்டார். இடையில் அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் வந்து, வாசலில் உட்கார்ந்திருக்கும் வாலிபன் யார் என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்றதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர் மேற்கொண்டு பெண் பார்க்கவில்லை.

எந்திரம் பதில் சொன்ன வருடம் பொன்னுதுரை கருணாகரனை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பதில் இதுதான்: பெட்டிகள் நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் மீதியிருக்கும் தூரத்தில் பாதியைத்தான் கடக்கின்றன. கருணாகரன் கணக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அட்டைகள் என்ன என்று மேலதிகாரி கேட்டபோது மறைக்காமல் சொன்னார். அரசாங்க எந்திரத்தைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதாக வேலையை விட்டு நிறுத்தினார்கள். அது நியாயம்தான் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டு மலாக்காவுக்கு பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை லாலாங் ஓரத்துக்குப் போனார். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு படித்தோமா என்று அவருக்குத் தோன்றியது. பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். "பக்கத்துல வந்துக்கிட்டே இருக்கும்," என்றார். "ஆனா வந்து சேராது. எத்தனை வருசம் ஆனாலும் கொஞ்சம் பாக்கி இருக்கும்."

ஒருத்தி வாய்விட்டு அழுதாள். இரண்டொருவர் எழுந்து லோரிப் பக்கம் போனார்கள். சந்திரமதி மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள். "போன வருசத்தைவிட இந்த வருசம் கிட்டதானே?"

"ஆமாம்மா."

"அடுத்த வருசம் இன்னும் கிட்ட."

"ஆமா."

"அப்ப சரி," என்று பொட்டலத்தைப் பிரித்தாள்.

இங்கிலாந்திலிருந்து இரண்டாம் முறை அழைப்பு வந்தது. கருணாகரன் போகவில்லை. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார். வாடகை வீட்டின் முன்னறையில் ட்யூஷனும் நடந்தது. அவர் உடைத்துக் கொடுத்த கணக்கு முறையை வேறு யாரோ வேறு நாட்டில் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியதாகப் பத்திரிகையில் வந்தது. படித்துவிட்டு, அதன்மேல் இடியாப்பம் ஆறவைக்க அம்மாவிடம் கொடுத்தார்.

அஞ்சலை 1973-இல் இறந்தாள். பொன்னுதுரை அதற்குள் அவளை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குளிப்பாட்டி முடித்ததும் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று சொந்தக்காரப் பெண்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சயாமுக்குப் போனவன் பெண்டாட்டி, கணக்குப்படி விதவைதானே என்றார்கள். சந்திரமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "புருசன் வாசல்ல உக்காந்திருக்காரு. கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று தானே குங்குமத்தை எடுத்து அழுத்தி வைத்தாள்.

வாய்க்கரிசி போடும் நேரத்தில் பொன்னுதுரை காலை இழுத்துக்கொண்டு கருணாகரனிடம் வந்தார். "ஐயா, நான் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆனா இத்தனை நாளா சோறு போட்டவங்க. நானும் ஒரு பிடி போடட்டுமா?" கருணாகரன் தலையை ஆட்டி, அரிசித் தட்டை முதலில் அவரிடம் நீட்டினார். பொன்னுதுரை அரிசியைப் போட்டுவிட்டு, அவள் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "சாயல் இருக்கு," என்று மட்டும் சொன்னார். யாருடைய சாயல் என்று யாரும் கேட்கவில்லை. பிணம் எடுத்த பிறகு அவர் வாசலுக்கு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு புண்ணைக் கழுவிக் கட்டுவது கருணாகரனின் வேலையானது. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் கட்டினார். அவர் தலை சீக்கிரமே முழுக்க நரைத்தது, முதுகும் லேசாக வளைந்தது. பொன்னுதுரைக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. கருணாவைப் பற்றிக் கேட்பதை அவர் எந்த வருடம் நிறுத்தினார் என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் மாலை, பிள்ளையை ட்யூஷனில் சேர்க்க வந்த ஒருவர் வாசலில் இருந்த பொன்னுதுரையிடம், "தம்பி, அப்பா இருக்காரா?" என்று கேட்டார். பொன்னுதுரை அவரைத் திருத்தவில்லை. உள்ளே திரும்பி, "அப்பா, உங்களைத் தேடி ஆளு வந்திருக்காங்க," என்று குரல் கொடுத்தார்.

"இதோ வரேம்ப்பா, உக்காரச் சொல்லு," என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கருணாகரன் வெளியே வந்தார்.