வள்ளியம்மா கடையோரத்துக் குழாய்

சத்தியவேட்டிலிருந்து வரதய்யபாளையம் போகிற ரோட்டில் அந்தப் பெட்ரோல் பங்க். பூமிக்கடியில் புதைத்த தொட்டிகளிலிருந்து எண்ணெய் கசிந்து நிலத்தடி நீரில் கலக்கிறதா என்று பார்க்க, பங்க்கைச் சுற்றி மூன்று கண்காணிப்புக் குழாய்களை இறக்கியிருந்தார்கள். திருப்பதி லேபிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை ஐஸ் பெட்டியோடு பஸ் பிடித்து வந்து, அந்தக் குழாய்களிலிருந்து தண்ணீர் எடுத்துப் போவது கௌசிகாவின் வேலை.

போன தடவை எடுத்ததில் ஒரு குழாயில் டீசல் இருந்தது. வள்ளியம்மா கடையோரத்துக் குழாய்.

வள்ளியம்மா லாரி டிரைவர்களுக்குக் களியும் கீரைக் கடைசலும் போடுகிறவள். கடைக்குப் பின்னால் அவளுடைய சொந்த போர்வெல் கிணறு. அந்தத் தண்ணீரில் கிண்டினால்தான் களி களியாக வரும் என்பாள். ரிசல்ட் வந்ததும் போரை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கேன் தண்ணீர் வாங்கிச் சமைத்தாள். ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. டீசல் தண்ணிக் கடை என்றார்கள். லாரிகள் நிற்காமல் போயின.

அந்த ரிசல்ட்டை டைப் அடித்தவளே கௌசிகாதான். மறுபடி தண்ணீர் எடுக்க வந்து இறங்கியபோது வள்ளியம்மா முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஏம்மா, இந்த வாட்டியும் டீசல் வந்தா?" பங்க் மேனேஜர் வெங்கட் பின்னாலேயே வந்தார்.

"தொட்டிக்குப் பக்கத்துல இருக்கற ரெண்டு குழாயும் சுத்தமா இருக்கு சார். தூரத்துல இருக்கறதுல மட்டும் எப்படி வரும்? அதான் எனக்குப் புரியல."

"தொட்டிய தோண்டணும்னா பங்க்கே மூடணும்மா."

"அக்கா கடய ஏற்கெனவே மூடின மாதிரிதானே சார் இருக்கு."

வெங்கட் ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு கூட நடந்தார்.

கடையோரத்துக் குழாயின் இரும்பு மூடி தரையோடு தரையாக இருந்தது. கௌசிகா குந்தி உட்கார்ந்து ஸ்பேனரைப் போட்டாள். போல்ட் ஒரே சுற்றில் கழன்றது. கை அப்படியே நின்றுவிட்டது.

முதன்முதலில் வந்தபோது இதே போல்ட் துருவேறி அசைய மறுத்து, ஸ்பேனர் வழுக்கி அவள் விரல் கிழிந்தது. வள்ளியம்மாதான் மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். போன தடவை போல்ட் லேசாகத் திரும்பியது. அப்பாடா என்று வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எப்படித் திரும்பியது என்று அப்போது யோசிக்கவில்லை.

இப்போது போல்ட்டின் அடியைத் தடவி முகர்ந்தாள்.

"அக்கா, இந்த மூடிக்கு யாராச்சும் ஏதாச்சும் பூசினாங்களா?"

"நான்தான் பூசினேன்," என்றாள் வள்ளியம்மா அடுப்படியிலிருந்தே. "அன்னிக்கி உன் கை கிழிஞ்சி ரத்தம் கொட்டிச்சே. அதான் பங்க்குல துளி டீசல் வாங்கியாந்து ஊத்தி வெச்சேன். பூட்டு, தையல் மிசின், மோட்டாரு, எங்கூட்ல எல்லாத்துக்கும் அதானே. நீ வர்றன்னு நேத்து சொன்னாங்க, இப்பவும் ஊத்திக்கினுதான் வந்தேன்."

கௌசிகா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வள்ளியம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னாடி, ஏன் அப்டி பாக்கற?" அவளைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அப்போ என் தண்ணிய நானே கெடுத்துக்கினனா?"

"இன்னும் தெரியாதுக்கா. மூடியில இருந்து உள்ள விழுந்திருக்கலாம். நெசமாவே தண்ணியில இருந்தாலும் இருக்கலாம். நல்லா கழுவிட்டு எடுத்தா தெரிஞ்சிடும். தப்பு எம்மேலதான். போல்ட்டு சுளுவா கழண்டப்பவே ஏன்னு கேட்டிருக்கணும்."

வெங்கட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நுவ்வு சம்பாவம்மா, கொன்னுட்ட போ. ஏதோ எண்ண தேய்ச்சி குளிப்பாட்டற மாதிரி மூடிக்கா ஊத்துவ?"

வள்ளியம்மா சிரிக்கவில்லை.

சோப்புப் போட்டு மூடியையும் குழாயின் வாயையும் தேய்த்தார்கள். கௌசிகா புதுக் கையுறை மாட்டி, நீளக் குவளையைப் புதுக் கயிற்றில் கட்டி இறக்கி, பழைய தண்ணீரை இறைத்து இறைத்துக் கொட்டினாள். வெயில் ஏறியது. வள்ளியம்மா ஒரு கையால் அவளுக்குக் குடை பிடித்தாள். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அந்த பாட்டில எடுத்துக் குடுக்கா."

"வாணாம். நீயே எடுத்துக்கோ. நான் எதையும் தொட மாட்டேன்."

குழாயிலிருந்து ஒரு பாட்டில். அவளுடைய போரிலிருந்து ஒரு பாட்டில்.

திருப்பதி லேபில் கௌசிகா சோதனை மெஷினை விட்டு நகரவில்லை. "நீ பாத்துக்கினு நின்னா அது சீக்கிரம் ஓடுமா?" என்று லேப் பொறுப்பாளர் கல்பனா மேடம் திட்டிப் பார்த்தார். இரண்டு பாட்டிலிலும் டீசல் இல்லை.

"மூடியில எண்ணெய் பூசினது யாருன்னு ரிப்போர்ட்ல எழுதணுமே," என்றார் மேடம்.

"கவனிக்காம தண்ணி எடுத்தது நான். என் பேர எழுதுங்க."

மேடம் அப்படியே எழுதினார்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியவளிடம் வள்ளியம்மா ரிசல்ட்டைக் கேட்கவே இல்லை. "மொதல்ல துன்னு," என்று தட்டை வைத்தாள். கேனைச் சாய்க்கப் போனாள்.

"கேனு வாணாம்கா. மோட்டாரப் போடு."

வள்ளியம்மா சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். "நெசமாவா? எனக்காவ சொல்றியா?"

"உனக்காவ சொல்லுவேன். மெஷினு சொல்லுமா?"

மோட்டார் இரைந்தது. முதலில் செந்நிறமாகக் கொட்டிய தண்ணீர் மெல்லத் தெளிந்தது. வள்ளியம்மா உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தாள். கொட்டிவிட்டு மறுபடி பிடித்து முகர்ந்தாள்.

கடையில் ஒரே ஒரு டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் டம்ளரை நீட்டினார்.

"இது போரு தண்ணிண்ணா," என்றாள் வள்ளியம்மா, ஊற்றாமல்.

"ஊத்தும்மா."

அவர் மடமடவென்று குடித்தார். இரண்டு பெண்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கீரையில உப்பு கம்மியா இருக்கும்மா."

வள்ளியம்மா உப்பு எடுக்க அடுப்படிக்குப் போனாள். நெடுநேரம் வரவில்லை. கௌசிகாவே எழுந்துபோய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவருக்கு வைத்தாள்.