வாளிக்காரியின் நடை

அம்புக்குறியைத் தட்டியதும் திரையில் வாளிக்காரி காணாமல் போனாள்.

மறுபடி தட்டினாள் அவள். திரையின் இடது ஓரத்தில் வாளியோடு நின்றிருந்த பொம்மை, கண்ணை மூடித் திறப்பதற்குள் வலப்பக்கம் பாய்ந்து, உடைந்த படிக்கட்டின் பள்ளத்தில் விழுந்தது. ‘ஆட்டம் முடிந்தது’ என்ற எழுத்து வந்து நின்றது.

மூடித் திறந்து பார்த்தாள். அதே கதிதான்.

வீட்டில் ஒழுங்காக ஓடியது. காலையில் கிளம்புவதற்கு முன்புகூட ஒருமுறை விளையாடிப் பார்த்திருந்தாள். லிஃப்ட் பழுதான ஒரு கட்டடம். வாளியும் துடைப்பமுமாக ஒருத்தி தளம் தளமாகத் தாவி உச்சிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கேம். நிரல் எழுதப் பழகியபின் அவள் முழுசாகச் செய்த முதல் கேம். இங்கே, கூட்ட அறையின் பெரிய கம்ப்யூட்டரில், அதற்குப் பேய் பிடித்துவிட்டது.

பயிற்சிக்கு வந்தவர்கள் நான்கு பேர், வேலை ஒருவருக்குத்தான். தேநீர் இடைவேளை முடிந்ததும் முதலாளி வந்து உட்கார்ந்து நான்கு கேமையும் பார்ப்பார். இங்கே இல்லையென்றால் அப்பா மூட்டை தூக்கும் கடையில் பில் போடும் இருக்கை தயாராக இருந்தது. அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவளைப் பில் மெஷினுக்குப் பின்னால் பார்த்தால் சொந்தக்காரர்களுக்குச் சோறே வேண்டாம், வயிறு நிறைந்துவிடும்.

“என்ன ஆமை, இன்னிக்கு முயல் வேகத்துல ஓடுது?” பின்னாலிருந்து, நான்கு பேரில் ஒருவனான மாப்பிள்ளையின் குரல். தினமும் சட்டை மடிப்புக் கலையாமல் கல்யாணத்துக்கு வருவதுபோல் வருவான். அதனால் அந்தப் பெயர். அவளை ஆமை ஆக்கியது அவள் லேப்டாப். பயிற்சிக்காரர்கள் சொந்த மெஷின் கொண்டுவர வேண்டும் என்பது இந்த ஆபீஸ் சட்டம். யாரோ கழித்துக் கட்டியதை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். அது திறப்பதற்குள் மற்றவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

லேப்டாப்பை நினைத்ததும்தான் பொறி தட்டியது.

கேம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் படங்கள்தான். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளி நகரு என்று வாளிக்காரிக்குச் சொல்லியிருந்தாள். அவளுடைய லேப்டாப் முக்கி முனகி ஒரு நொடியில் வரைகிற படங்களைப்போலப் பல மடங்கை இந்த ராட்சசன் வரைந்து தள்ளுகிறான். அத்தனை மடங்கு வேகத்தில் வாளிக்காரி பறக்கிறாள். தன் ஓட்டை மெஷினில் கண்ணுக்கு எது சரியாகப் பட்டதோ அதையே சரி என்று எழுதியிருக்கிறாள், முட்டாள்.

“நம்பரைக் குறைச்சு விடு, முடிஞ்சுது. இந்த மெஷின்ல ஓடினா போதாதா? முதலாளி என்ன உன் வீட்டுக்கா வந்து பாக்கப் போறாரு?” என்றான் மாப்பிள்ளை.

கெட்டவன் இல்லை. அவன் சொன்னது நடக்கும். நான்கு எண்ணைக் குறைத்தால் வாளிக்காரி அடங்கிவிடுவாள். ஆனால் அம்மாவின் போனில்? மெஷினுக்கு மெஷின் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதா? படக்கணக்கைத் தூக்கிவிட்டு நொடிக்கணக்கில் நகரச் சொல்ல வேண்டும். அப்போது எந்த மெஷினிலும் ஒரே நடை. ஆனால் மாற்றும்போது நடுவில் பிசகினால் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது.

“நீ உன் வேலையப் பாரு,” என்று நிரலைத் திறந்தாள்.

போன் அதிர்ந்தது. அப்பா.

“என்னம்மா, முடிஞ்சுதா? கடை சூப்பர்வைசர் கேட்டுக்கிட்டே இருக்காரு. இன்னிக்குள்ள சொல்லணுமாம்.”

“அப்பா, அப்புறம் பேசறேன்.”

“இல்லம்மா, அவருக்கு ஒரு பதில்...”

“வைங்கப்பா!”

போனைக் கவிழ்த்து வைத்தாள். நடையை மாற்றினாள். ஓட்டிப் பார்த்தாள், வேகம் சரி. கால்களைக் கவனிக்க நேரமில்லை. தாவலை மாற்றினாள். எழும்பிய வாளிக்காரி இறங்கவே இல்லை. கூரையைப் பொத்துக்கொண்டு மேலே போனாள். தாவும் எண்ணை நொடிக்கணக்குக்கு மாற்றியவள், கீழே இழுக்கும் எண்ணை மறந்திருந்தாள். அதையும் மாற்றினாள். வாளிக்காரி தாவினாள், இறங்கினாள், தளத்தில் நின்றாள்.

கதவு திறந்தது. முதலாளி, பின்னால் டீமை நடத்தும் லீட் அம்மா. அதிகம் பேசாத, பேசினால் வலிக்கிற பெண்மணி.

மாப்பிள்ளையின் கேமில் ஒரு வீரன் மலை மலையாகத் தாவினான். முதலாளி தலையாட்டினார். மற்ற இருவருக்கும் ஆட்டினார். அவள் முறை வந்தது.

வாளிக்காரி நகர்ந்தாள். உடம்பு சரியான வேகத்தில்தான் போனது. கால்கள் மட்டும் மின்விசிறி மாதிரி சுழன்றன.

அறை சிரித்தது. “அந்தம்மாவுக்கு என்னம்மா அவசரம்? பாத்ரூம் போகணுமா?” என்றார் முதலாளி. “சரி, பாத்தாச்சு. அடுத்து...”

காலை மாற்றி மாற்றிக் காட்டும் ஆறு படங்களை அவள் தொடவே இல்லை. அவை இன்னும் படக்கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

“உக்காருங்க சார்,” என்றாள். சொன்னபிறகுதான் அது கட்டளைபோல ஒலித்தது உறைத்தது. ஒலித்தால் ஒலிக்கட்டும். “தப்பு எங்கேன்னு தெரிஞ்சு போச்சு. ரெண்டு வரி.”

பாதி எழுந்த முதலாளி, லீட் அம்மாவைப் பார்த்தார். அவர் அசையாததால் இவரும் உட்கார்ந்தார். அத்தனை பேரும் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட, அவள் நின்றபடியே தட்டினாள். ஒரு எழுத்து பிசகி, அழித்து, மறுபடி தட்டினாள்.

வாளிக்காரி நடந்தாள். இடப்பக்கம் சாய்ந்து, ஒரு காலைக் கொஞ்சம் தாமதமாக எடுத்து வைத்து.

“நடை கோணலா இருக்கே. ரெண்டு காலும் ஒரே மாதிரி வேணாமா?” என்றார் முதலாளி.

“தண்ணி நிறைஞ்ச வாளிய ஒரு கைல தூக்கிட்டு நடந்து பாருங்க சார், தெரியும். எங்கம்மா ஆஸ்பத்திரியில தரை துடைக்கறாங்க. அவங்க நடக்கறதைப் போன்ல புடிச்சு, அதைப் பாத்து வரைஞ்சேன்.” படம் பிடித்தபோது அம்மா, ‘வேலைவெட்டி இல்லாதவளே, என் நடையில என்னடி இருக்கு’ என்று துடைப்பத்தை ஓங்கியது ஞாபகம் வந்தது. “அதை மட்டும் மாத்த மாட்டேன்.”

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள்.

லீட் அம்மா எழுந்து வந்தார். “உன் பழைய லேப்டாப் எங்க? இப்ப மாத்தினதை அதுல போடு.”

லேப்டாப் எழுந்திருக்கிற வரை அத்தனை பேரும் அதன் முனகலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வாளிக்காரி நடந்தாள். படம் கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் வந்தது. ஆனால் அதே வேகம், அதே சாய்வு.

“இப்ப மத்தவங்களோடதைப் போடு.”

மாப்பிள்ளையின் வீரன் தாவினான். தாவி, நடுவானில் ஊர்ந்து, சாவகாசமாகக் கீழே வந்தான். மற்ற இருவருடையதும் அப்படியே. எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்திருந்தார்கள். அவர்களுடைய மெஷின் நல்ல மெஷினாக இருந்ததால் தெரியவில்லை.

மாப்பிள்ளை சட்டை மடிப்பை நீவினான். “நாசமாப் போச்சு,” என்றான் மெதுவாக.

“நம்ம கேமை வாங்கறவங்க பாதிப் பேர் கைல இந்த மாதிரி ஓட்டைதான் சார் இருக்கு,” என்றார் லீட் அம்மா. “எனக்கு இந்தப் பொண்ணு போதும்.”

முதலாளி தாடையைச் சொறிந்தார். “சரி. நாளையிலேருந்து வாம்மா. அந்த லேப்டாப்பையும் கொண்டாந்துடு. இனிமே எல்லா கேமையும் அதுல ஓட்டிப் பாத்துத்தான் அனுப்பணும்.”

அவள் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். இத்தனை நாளும் அதைப் பார்த்துச் சிரித்த ஆபீஸ் இது.

“நான் வரேன் சார். இது வராது. வீட்டுல தங்கச்சி படிக்கறா, அவளுக்கு வேணும். கம்பெனிக்குத் தேவைன்னா இதைவிட மட்டமா ஒண்ணு வாங்கிக்கோங்க.”

லீட் அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். “வாங்கிடலாம்,” என்றார் முதலாளி, வேறு வழி தெரியாமல்.

வராந்தாவுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, கடையில அந்த பில் போடற சீட்டை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க.”