உயிரோடு இருந்தவளுக்கு எள்ளும் தண்ணீரும்

ஆடி அமாவாசை. வெளிச்சம் வந்த பிறகும் அம்மா மண்டபம் படித்துறையில் யார் முகமும் தெளிவாகத் தெரியவில்லை. கற்பூரப் புகை. ஈர வேட்டிகள். காவிரி நிறைந்து, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

தொட்டியத்து வாழை விவசாயி அடைக்கலம் புரோகிதர் எதிரில் உட்கார்ந்திருந்தார். வருடா வருடம் தனியாக வருவார். மகன் பூவரசனுக்குத் திதி கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். இந்த வருடம் வேண்டாமென்று சொல்லியும் மனைவி மாரியாயி கேட்கவில்லை. கூடவே வந்துவிட்டாள்.

"என் கண்ணுல படாமலே போனான். அவனுக்கு எறைக்கிற தண்ணியவாச்சும் பாக்கறேன்," என்றாள்.

மகன் வெள்ளத்தில் போய்விட்டான், உடம்பு கிடைக்கவில்லை. அவளுக்கும் ஊருக்கும் அடைக்கலம் சொன்னது அதுதான். நடந்தது வேறு. 'நான் ஆம்பள இல்லப்பா' என்று சொன்ன பிள்ளையை, மாரியாயி வீட்டில் இல்லாதபோது, அவரே வீட்டைவிட்டுத் துரத்தினார். பிறகு அந்தப் பிள்ளை போன் செய்து அம்மாவைக் கேட்டபோது, "உன் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டா" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பிள்ளைதான் யமுனா. தில்லைநகரில் ஒரு மொட்டைமாடியில், பாட்டும் ஆட்டமுமாக ராத்திரி ஹோட்டல் நடத்துகிறாள். சமையல், பாட்டு, கல்லா எல்லாம் வீட்டில் சேர்க்காத திருநங்கைகளும் திருநம்பிகளும்தான். பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் அவர்களோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவதும் அவள்தான். டிவியில் அவள் வந்தால் அடைக்கலம் சேனலை மாற்றிவிடுவார்.

அன்று அவளும் அதே படித்துறையில், அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி இருந்தாள். அவர் பார்க்கவில்லை. திருநங்கைகள் செத்தால் பல வீடுகளிலிருந்து யாரும் வருவதில்லை. தண்ணீர் இறைக்க ஆளில்லை. அமாவாசைதோறும் யமுனா வந்து, ஒவ்வொரு பேராகச் சொல்லி இறைப்பாள். ஹோட்டலில் பாடும் ஜென்சி எள் டப்பாவோடு பக்கத்தில் நின்றாள்.

"இப்படியே போனா ஆத்துல தண்ணி பத்தாதுக்கா."

"வாய மூடிட்டு எள்ளப் போடுடி."

அந்தப் பக்கம் புரோகிதர் கேட்டார். "பேர் சொல்லுங்கோ."

"பூவரசன்."

யமுனாவின் கையிலிருந்த தண்ணீர் சேலையில் கொட்டியது. செத்தவர்கள் பேர்களுக்கு நடுவே அவள் பழைய பேர். புரோகிதர் அதை மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார். அவர் குரலில் சந்தேகமே இல்லை. ஈரத்துணியோடு போனவர்கள் அவளைப் பார்க்காமல், அவள்மேல் படாமல் விலகிப் போனார்கள். தான் இருக்கிறோமா என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை.

"அப்பா," என்றாள்.

அடைக்கலம் திரும்பவில்லை. மாரியாயி திரும்பினாள். புகைக்கு நடுவே சேலை கட்டிய ஒருத்தி. மணிக்கட்டில், வாழைத்தார் வெட்டும்போது பூவரசனுக்கு அரிவாள் பட்ட அதே தழும்பு.

"பாக்காத. அமாவாசையில இப்படித்தான் தெரியும். கண்ண மூடிக்க," என்றார் அடைக்கலம்.

மாரியாயி பயப்படவில்லை. இன்று செத்தவர்கள் வருவார்கள் என்று நம்புகிறவள் அவள். பிள்ளை வந்துவிட்டது. எந்த உருவத்தில் வந்தால் என்ன? இலையிலிருந்த பிண்டத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"பசியோடயே போயிட்டியா சாமி? இந்தா."

ஜென்சி யமுனாவின் தோளைப் பிடித்தாள். "வேணாங்க்கா. அது செத்தவங்களுக்கு வச்ச சோறு."

யமுனா குனிந்து வாயைத் திறந்தாள். எள் ஒட்டிய சோற்றை மென்று விழுங்கினாள்.

மாரியாயியின் விரலில் மூச்சு பட்டது. சூடாக. அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். கன்னத்தைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். இப்போதுதான் அவள் பயந்தாள்.

"மூச்சு வருதே. நாடி துடிக்குதே."

"நான் சாகலம்மா. நீதான் என் பேச்சே கூடாதுன்னுட்டதா அப்பா சொன்னாரு."

"நானா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அடைக்கலத்தின் உள்ளங்கையில் எள் ஈரமாக ஒட்டியிருந்தது.

"பையன் பொம்பளையா நிக்கிறான்னு ஊருக்கு எப்படிச் சொல்லுவேன் மாரியாயி? செத்துட்டான்னா நாலு பேரு அழுதுட்டுப் போயிடுவாங்க."

"போயிட்டாங்க. அன்னைக்கே போயிட்டாங்க. நான்தான் இன்னும் அழுதுட்டிருக்கேன்."

புரோகிதருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஆள் காத்திருந்தார். "மிச்சத்தையும் முடிச்சுடலாமா?" என்று புரோகிதர் கேட்டார்.

அடைக்கலம் பிண்டம் இல்லாத இலையையும் யமுனாவின் வாயோரம் ஒட்டியிருந்த எள்ளையும் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்தார்.

"வேணாம் சாமி. என் பொண்ணு உசுரோட இருக்கா."

மாரியாயி இளகவில்லை. யமுனாவின் கையை விடாமல் பேசினாள்.

"இத ஊர்ல வந்து சொல்லுங்க. ஆம்பளையா இருந்தா என்ன, பொம்பளையா இருந்தா என்ன? புள்ள புள்ளதான். பெத்தவங்க கதவச் சாத்துற அன்னைக்குத்தான் அது சாகுது. செத்தப்புறம் எறைக்கிற தண்ணி யாருக்கு வேணும்? உசுரோட இருக்கும்போது உள்ள கூப்புட்டு ஒரு வாய் சோறு போடுங்க."