பன்னிரண்டு நிமிடம் இருந்த வரி

1

ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்: இந்தக் கதை ஒரு பட்டியலைப் பார்த்ததில் பிறந்தது. பலர் சேர்ந்து எழுதும் இணையத்தளங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு திருத்த வரலாறு இருக்கும். யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை அழித்தார் என்பதெல்லாம் மணியும் நிமிடமுமாக அங்கே கிடக்கும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. எனக்கோ பக்கத்தைவிட அதுதான் பிடிக்கும். ஒருநாள் கண்டது இது:

4.10 – ஒரு வரி சேர்க்கப்பட்டது.
4.22 – அதே வரி நீக்கப்பட்டது. நீக்கியவரும் சேர்த்தவரே.

வேறொருவர் அழித்திருந்தால் அது சண்டை, புரியும். தானே எழுதிய வரியைப் பன்னிரண்டு நிமிடம் வைத்திருந்துவிட்டு ஏன் ஒருவர் அழிக்க வேண்டும்? எனக்கு விடை கிடைக்கவில்லை. அதனால் முப்லிஹா என்று ஒரு பாத்திரத்தை உண்டாக்கி, அவளிடம் கொடுத்தேன்.

2

(முப்லிஹாவுக்கு இரண்டு தொடக்கங்கள் வீணாயின. "வாவியின் மேல் மாலை வெயில்" என்று ஒன்று. வாவியை வர்ணிக்கத் தொடங்கினால் ஆள் வரவே மாட்டாள். "முப்லிஹா தனிமையில்" என்று மற்றது. அதைச் சொல்லிவிட்டால் பிறகு எனக்கு என்ன வேலை?)

முப்லிஹா கிழக்கிலங்கையில், வாவிக்கரை ஊரான காத்தான்குடியில் சித்திர ஆசிரியை. பாடசாலை விட்டு வந்து, பின்னேரத்து அசர் தொழுதுவிட்டு மடிக்கணினியைத் திறப்பாள். அவள் கட்டியிருப்பது தமிழில் சித்திரம் கற்றுத்தரும் ஒரு தளம். எவரும் பாடம் எழுதலாம், எவரும் திருத்தலாம். தேயிலைச் சாயத்தில் நிழல் பூசுவது, பென்சிலை நீட்டிப்பிடித்து முகத்தை அளப்பது என்று பதினொரு மாதத்தில் அறுபத்தொரு பாடங்கள். அறுபத்தொன்றும் அவள் எழுதியவை. பார்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். எழுத ஒருவரும் வரவில்லை.

கணவர் அசனார் கட்டாரில் இருக்கிறார். தினமும் அழைப்பார்.

"என்னகா, இண்டைக்காவது ஆரும் எழுதினயா?"

"இல்ல."

"அப்ப நீயே எழுதி, நீயே திருத்தி, நீயே மார்க்ஸ் போடு. பள்ளிக்கூடத்திலயும் அதுதானே செய்யிறாய்."

அவள் சிரிக்கவில்லை. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பன். நானில்லாம வேற ஒராள் எழுதின ஒரு வரி நிண்டா வெச்சிருப்பன். இல்லாட்டி மூடிப்போடுவன்."

"மூடிப்போட்டு?"

"உங்களோட மட்டும் கதைச்சிட்டிருப்பன்."

"அல்லாவே! அப்ப நானே போய் ஒரு வரி எழுதுறன்."

3

மறைந்த வரி இருந்த பாடம், நீரில் விழும் விம்பத்தை வரைவது பற்றியது. அதன் நான்காம் படியில் முப்லிஹா எழுதியிருந்தாள்: "கம்பு எவ்வளவு நீளமோ, விம்பமும் அவ்வளவு நீளம்."

நேராக நிற்கும் கம்புக்கு இது சரி. வாவியில் வலை கட்ட நட்ட கம்புகள் நேராக நிற்பதில்லை. கறுப்பு வாளி ஒன்றில் தண்ணீர் நிரப்புங்கள். பென்சிலின் நுனி நீரைத் தொட்டபடி இருக்க, பென்சிலை உங்கள் பக்கம் சாயுங்கள். பென்சில் குறுகித் தெரியும்; விம்பம் உங்களை நோக்கி நீளும். அப்பால் சாய்த்தால் விம்பம் குறுகும். (நானும் பிடித்துப் பார்த்தேன். அரை மணி நேரம் போயிற்று. கதை அப்படியே நின்றது.)

மறைந்த வரி இதைத்தான் சொன்னது: "நம்மட பக்கம் சாஞ்ச கம்புக்கு விம்பம் கூடுதல் நீளமாத் தெரியும்." எழுதியவர் பெயர் உசாந்தி, ஊர் கதிரவெளி. ஒரு வெள்ளிக்கிழமை எழுதி அழித்திருந்தாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாம் வெள்ளியும்.

முப்லிஹா வாளியில் சோதித்துப் பார்த்தாள். வரி சரி. ஒரு பொத்தானை அழுத்தி அதை மீட்டிருக்கலாம். ஆனால் திருத்த வரலாற்றில் மறுபடியும் முப்லிஹாவின் பெயர்தான் விழும்.

4

உசாந்தியை முதலில் பயந்த சுபாவக்காரியாக எழுதினேன். பயந்தவள் மூன்று முறை எழுத மாட்டாள். அந்தப் பந்தியைக் கிழித்துவிட்டு, உசாந்தி தளத்தில் பதிந்திருந்த இலக்கத்துக்கு முப்லிஹாவைத் தொலைபேசி எடுக்க வைத்தேன்.

"உசாந்தியா? நான் காத்தான்குடி முப்லிஹா டீச்சர்."

"ஐயோ டீச்சர், நான் அழிச்சிட்டனே!"

"அதுக்குத்தான் புள்ள எடுத்தன். ஏன் அழிச்ச?"

"பிழையா எழுதிட்டனா?"

"நீ சரி. நான்தான் பிழை."

"அப்பிடிச் சொல்லாதீங்க டீச்சர். விடிஞ்சா அந்தக் கம்புகளத்தான் பாக்கிறன். கை சும்மா இருக்காம எழுதிரும். பிறகு பாத்தா டீச்சர்ட போர்ட்டில நான் கிறுக்கின மாதிரிக் கிடக்கும்."

"அது போர்ட் இல்ல. எல்லாருக்கும் பொது."

"பொதுதான். ஆனா நீங்க எழுதி முடிச்சு, கீழ நன்றி எண்டும் போட்டிருக்கிறீங்க. அதுக்குப் பிறகு ஆரு டீச்சர் எழும்பிப் போய்ச் சோக்குக்கட்டியத் தூக்குவாங்க? எங்கட பள்ளிக்கூடத்தில அதுக்கு அடிதான்."

"நான் அடிக்க மாட்டன். இப்பவே எழுது."

எழுதினாள், 5.05க்கு. 5.19க்கு அழித்தாள்.

5

இங்கே எனக்குக் கதை நின்றுவிட்டது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

தளத்தை மூடுகிறாள். நான்கு வரியில் முடிந்தது. நம்பும்படியாகத்தான் இருந்தது, அதனாலேயே வைக்க மனம் வரவில்லை.

உசாந்தி பஸ் ஏறிக் காத்தான்குடிக்கு வருகிறாள், இருவரும் வாவிக்கரையில் உட்கார்ந்து

[விட்டுவிடுகிறேன். அவர்கள் சந்திக்கவில்லை.]

அசனார் சொன்னபடியே வந்து ஒரு வரி எழுதுகிறார். அந்த வரி நிற்கும். ஆனால் அவருக்குக் கோடு போடவே வராது. அது மனைவிக்காக எழுதிய வரி என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு முப்லிஹாவை வகுப்புக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை, கரும்பலகையில் ஒரு கொக்கு வரைந்துகொண்டிருந்தாள். உடல் முடிந்தது, கால் போடவில்லை. பாடசாலை அதிபர் கூப்பிடுகிறார் என்று போய்விட்டாள். திரும்பி வந்தபோது கொக்குக்குக் கால் முளைத்திருந்தது. மூன்று கால்கள்.

"ஆரு போட்ட?"

"ஒண்டு நான் டீச்சர். மத்த ரெண்டும் றிஸ்லா."

"கால் இல்லாம பாவமா நிண்டிச்சு டீச்சர்" என்றாள் றிஸ்லா.

முப்லிஹா மூன்றாம் காலை அழிக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

அன்று மாலை நான்காம் படியில் தான் எழுதியதை அழித்தாள். 4 என்ற எண்ணை மட்டும் விட்டாள். கீழே இருந்த நன்றியையும் எடுத்தாள். உசாந்திக்குச் சொல்லவில்லை.

மாதத்தின் கடைசி வெள்ளி, 4.10க்கு உசாந்தியின் வரி வந்தது. 4.22 ஆயிற்று. ஐந்து மணி ஆயிற்று. அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். வரி இருந்தது.

மற்ற அறுபது பாடங்களுக்கும் ஆள் வந்ததா என்று கேட்பீர்கள். நான் எழுதவில்லை, அந்த இடம் உங்களுடையது. புதிருக்கு விடை மட்டும் சொல்கிறேன். பலர் எழுத வேண்டிய பாடத்தை நீங்கள் எழுதி முடிக்காதீர்கள். தெரிந்த படிகளை எழுதுங்கள். மற்றவருக்கு நன்றாகத் தெரிந்த படிக்கு எண்ணை மட்டும் போட்டு, கீழே வெறுமையாக விடுங்கள். கடைசியில் நன்றி போடாதீர்கள்.